பல வருடம் நின்ற பைக்கை எழுப்புவது: கேள்வி பதில்

கேள்வி: கொட்டகையில் பன்னிரண்டு வருடமாக நிற்கும் ஒரு பழைய பைக் விலைக்கு வருகிறது. வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

பதில்: எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் பதிவுச் சான்றோடு ஒத்துப்போகின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இல்லையென்றால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அப்புறம், என்னென்ன பாகம் இல்லை என்று எண்ணுங்கள். பிஸ்டன், பேரிங் எல்லாம் எப்படியாவது கிடைத்துவிடும். டேங்க் மூடி, சைடு பேனல், ஸ்பீடோமீட்டர் இவைதான் வருடக்கணக்கில் அலையவிடும். துருப்பிடித்தாலும் முழுசாக இருக்கிற வண்டியைத்தான் நான் எடுப்பேன்.

கேள்வி: சார், கிக்கர் அசையவே இல்லை. ஓங்கி மிதித்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பிஸ்டன் ரிங் துருப்பிடித்து சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும். ஓங்கி மிதித்தால் ரிங் உடையும், கிக்கர் ஷாஃப்ட்டின் பல்லும் போகும். பிளக்கைக் கழற்றி, டீசலையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலையும் கலந்து பிஸ்டன் தலை மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள். தினமும் டார்ச் அடித்துப் பாருங்கள். மட்டம் இறங்கினால் ரிங் வழியாகக் கசிகிறது என்று அர்த்தம், அது நல்ல செய்தி. ஒரு வாரம் கழித்து டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். என் வண்டி ஒன்று பத்தொன்பதாம் நாள்தான் விட்டுக்கொடுத்தது. சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தபோது உள்ளே மெல்லிய 'கிரீச்' கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அசைந்தது என்று உடனே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். சிலிண்டரைக் கழற்றி, ரிங் நின்ற இடத்தை விரல் நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் ரீபோர் செய்யத்தான் வேண்டும், அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்க வேண்டும்.

கேள்வி: டேங்க் உள்ளே முழுக்கத் துரு. என்ன செய்யலாம்?

பதில்: பெட்ரோல் டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டு, வினிகரை நிரப்பி ஒரு நாள் விடுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே உலர்த்தி, உள்ளே ஆயில் பூசிவிடுங்கள். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் கண் முன்னாலேயே மறுபடி துரு ஏறும். ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்க்கிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், வெடித்துவிடும்.

கேள்வி: அண்ணா, என் பழைய ஜாவா ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்குவதில்லை.

பதில்: கேபிள் சிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அது சரியாக இருந்தால், கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான கிராங்க் சீல் மேல்தான் என் சந்தேகம். உங்கள் பழைய ஜாவா போன்ற டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை, எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸ் வழியாகத்தான் போகிறது. வருடக்கணக்கில் நின்றதில் சீல் காய்ந்து இறுகி, அதன் ஓரமாக வெறும் காற்று உள்ளே போகிறது. பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் குறைந்து எஞ்சின் கொதிக்கும். சீல் மாற்றும்வரை ஓட்டாதீர்கள், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மாற்றுங்கள், டியூபோடு சேர்த்து. ஓரத்தில், டயர் எப்போது தயாரானது என்று சொல்லும் நான்கு இலக்க எண் இருக்கும். 2309 என்றால் 2009-ஆம் வருடத்தின் 23-வது வாரம். மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது 2000-க்கு முந்தையது.

கேள்வி: எல்லாம் முடித்துவிட்டேன். முதல் ஸ்டார்ட் எப்படி? எஞ்சின் ஃபோர்-ஸ்ட்ரோக்.

பதில்: புது எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, பிளக் இல்லாமலே இருபது முப்பது முறை கிக்கரை மிதியுங்கள். ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறட்டும். தனி ஆயில் டேங்க் உள்ள வண்டி என்றால், நின்ற காலத்தில் ஆயில் கீழே கிராங்க் கேஸுக்கு இறங்கியிருக்கும், அதை முதலில் வடித்துவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் டேங்க் மூடியைத் திறந்து, திரும்பும் குழாயில் ஆயில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லை என்றால் அந்த நிமிடமே நிறுத்துங்கள்.