வெள்ளம் வடிந்த பிறகுதான் இருக்கிறது விஷயம்: வாசகர் கேள்வி-பதில்

கே: பேரிடருக்குப் பிறகு கட்டுமான வேலை பெருகுவதால் பொருளாதாரம் வளரும் என்கிறார்களே, உண்மையா?

ப: கணக்கில் வளரும். மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது ஒரு வருஷத்தில் எவ்வளவு உற்பத்தி நடந்தது என்று மட்டும் பார்க்கிற கணக்கு. இடிந்த பாலத்தைத் திரும்பக் கட்டினால் அது ஏறும், பாலம் இடிந்தது எங்கேயும் கழியாது. அப்புறம், கட்டி முடித்துவிட்டால் பழைய நிலை வந்துவிடும் என்பதும் நிச்சயமில்லை. 1995 நிலநடுக்கத்துக்கு முன்பு ஜப்பானின் கோபே துறைமுகம் சரக்குப் பெட்டகங்களைக் கையாள்வதில் உலகில் ஆறாவது இடம். இரண்டே வருஷத்தில் சீர்செய்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் அங்கே கப்பல் மாற்றி ஏற்றிவந்த சரக்கில் பெரும்பகுதி தென்கொரியாவின் பூசான் போன்ற துறைமுகங்களுக்குப் போய்ப் பழகிவிட்டது, அந்த இடம் கோபேக்குத் திரும்பவே இல்லை.

கே: எங்களுக்கு நிவாரணப் பணம் கிடைத்தது. ஆனாலும் பல வருஷமாகத் தலைதூக்க முடியவில்லையே, ஏன்?

ப: இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வறட்சியோ வெள்ளமோ வந்ததும் கையில் காசில்லாத குடும்பம் முதலில் ஆடு மாட்டை விற்கும், அதே வாரத்தில் ஊரே விற்க வந்து நிற்பதால் அடிமாட்டு விலைக்குத்தான் போகும். மாடு போனால் உழவும் பாலும் போச்சு. அடுத்து வட்டிக்குக் கடன், அதற்கும் பிறகு மூத்த பிள்ளையின் படிப்பு நிற்கும். அன்றன்றைக்கு வேறு வழியில்லாமல் எடுத்த முடிவுகள்தான் எல்லாம், ஆனால் அவை சேர்ந்துதான் குடும்பத்தைக் கீழே இழுக்கின்றன. ஜிம்பாப்வேயில் 1982-84 வறட்சியின்போது சிறு குழந்தைகளாக இருந்தவர்களைப் பல வருஷம் கழித்து ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அவர்களுக்கு உயரமும் குறைவு, படித்த வகுப்பும் குறைவு. மழை எப்போதோ திரும்பிவிட்டது! அதனால்தான் நிவாரணம் எவ்வளவு என்பதைவிட எப்போது வந்தது என்று நான் முதலில் கேட்பேன். மாட்டை விற்பதற்கு முன்னால் வரும் சின்னத் தொகை செய்வதை, விற்றுவிட்டு கடனிலும் விழுந்த பிறகு வரும் பெரிய தொகை செய்வதில்லை. உங்கள் மேல் தப்பில்லை.

கே: பாதுகாப்பான இடத்தில் வீடு கொடுத்தும் சனங்கள் ஏன் ஆபத்தான இடத்துக்கே திரும்புகிறார்கள்?

ப: பிழைப்பு அங்கே இருக்கிறது, அதனால். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கரையிலிருந்து 100 மீட்டர், சில பகுதிகளில் 200 மீட்டர் வரை வீடு கட்டத் தடை போட்டார்கள். படகும் வலையும் கண்பார்வையில் இருக்க வேண்டிய மீனவர் எப்படி உள்ளே போய் வாழ்வார்? பின்னால் அந்தத் தடையைத் தளர்த்தத்தான் வேண்டியிருந்தது.

இன்னொன்று, அக்கம்பக்கம். கோபேயில் தற்காலிக வீடுகளை முதியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்துக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் தெரிந்த முகம் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லாமல் அந்த வீடுகளில் தனியாக இறந்து, நாள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டவர்கள் பலர். அதில் பாடம் படித்து, ஜப்பானிலேயே 2004 நீகாட்டா நிலநடுக்கத்தில் யமகோஷி கிராமத்து மக்களைக் குடியிருப்பு குடியிருப்பாகச் சேர்த்தே தங்கவைத்தார்கள். இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் தெருவோடு மாற்றுங்கள்.

கே: நில ஆவணங்கள் அழிந்துபோனால் என்ன செய்வது?

ப: சாட்சிகள் ஊரைவிட்டுக் கலைவதற்குள் எல்லையை எழுதிக்கொள்ளுங்கள். சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேவில் ஊரார் கூடி, இது இவர் நிலம் என்று ஒப்புக்கொண்ட பிறகு அளந்து புதிய ஆவணம் கொடுத்தார்கள். கணவனை இழந்த பெண்களின் பெயரும் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பெயரும் விடுபடாமல் பார்ப்பது முக்கியம், அவர்கள் பங்குதான் முதலில் காணாமல் போகும்.

கே: முன்பைவிட உயிரிழப்பாவது குறைந்திருக்கிறதா?

ப: நிச்சயமாக. வங்கதேசத்தில் 1970 புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள், 1991-ல் சுமார் 1,38,000, 2007 சித்ர் புயலில் சுமார் 3,400. முன்னெச்சரிக்கை, புயல் காப்பகங்கள், வீடு வீடாகப் போய்க் கூப்பிடும் தன்னார்வலர்கள், இதெல்லாம் சேர்ந்து செய்த வேலை. மாட்டை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் இருப்பதால், இப்போது அங்கே புதிதாகக் கட்டும் காப்பகங்கள் பலவற்றில் கால்நடைக்கும் இடம் ஒதுக்குகிறார்கள்.