மெஷின் சொன்ன பிளேட்லெட் கணக்கை நம்பி நாய்க்கு ரத்தம் ஏத்தணுமா?

பெரம்பூர்ல இருந்து ஒரு வாசகி கேக்கறாங்க: "எங்க லேப்ரடாருக்கு 4 வயசு. ரெண்டு நாளா சரியா சாப்பிடல, சோர்ந்து படுத்தே இருக்கான், காதுக்குள்ள இருந்து உண்ணி எடுத்தோம். கிளினிக்ல ரத்தம் எடுத்து வெளி லேபுக்கு அனுப்பினாங்க. பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறைய வைக்கற அணு, 42,000னு வந்திருக்கு. கீழ ஸ்மியர்ங்கற (ரத்தத்தை கண்ணாடி ஸ்லைடுல இழுத்து மைக்ராஸ்கோப்ல பாக்கறது) இடத்துல ரத்த ஒட்டுண்ணி இல்லை, பிளேட்லெட் குறைவு, சில இடத்துல கொத்துக்கொத்தா இருக்குன்னு போட்டிருக்கு. சாம்பிள் வாங்கிட்டு போறவர், டோனர் நாய் ரெடி பண்றேன், 12,000 ரூபா ஆகும், இன்னிக்கே சொல்லுங்கங்கறார். பக்கத்து வீட்டுல பப்பாளி இலை சாறு குடுக்க சொல்றாங்க. ஒட்டுண்ணி இல்லன்னா டிக் ஃபீவர், அதாவது உண்ணிக் காய்ச்சல், இல்லதானே? என்ன பண்றது?"

முதல்ல ஒண்ணு பாருங்க. அவனோட உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க, வயித்துல முடி கம்மியா இருக்கற இடத்தைப் பாருங்க. குண்டூசி முனை அளவுல சிவப்பு புள்ளி, நீலம் பாரிச்ச திட்டு, மூக்குல ரத்தம், தார் மாதிரி கருப்பு மலம், ரத்தம் கலந்த மூத்திரம், இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா கூட இதை மேல படிக்க வேண்டாம், இப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க. ஈறு வெளுத்துப் போயிருந்தாலும் அப்படித்தான்.

அதெல்லாம் இல்லன்னா அந்த 12,000 ரூபாயை யார் கையிலயும் குடுத்துடாதீங்க. உங்க ரிப்போர்ட்டுக்குள்ளயே பதில் இருக்கு, அதை உங்களுக்குப் படிச்சு சொல்ல வேண்டியவங்க சொல்லல, எனக்கு கோவம் வர்றது அங்கதான். கொத்துக்கொத்தா இருக்குன்னு ஒரு வார்த்தை போட்டிருக்காங்களே, அது இருக்கற வரைக்கும் மேல இருக்கற 42,000ங்கற நம்பருக்கு அர்த்தமே இல்ல.

ஏன்னா மெஷின் ரத்தத்தைப் பாக்கறதில்ல, ஒரு சின்ன ஓட்டை வழியா ஒவ்வொண்ணா போற துகளோட சைஸை வெச்சு இது சிவப்பணு இது பிளேட்லெட்னு பிரிக்குது, அவ்வளவுதான். பிளேட்லெட்டு பத்து இருபது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா, கூட்டமா ஏறின குடும்பத்துக்கு கண்டக்டர் ஒரே டிக்கெட் கிழிச்ச மாதிரி ஆயிடும், அதுலயும் பெரிய கொத்தா இருந்தா பிளேட்லெட் கணக்குலயே வராம வெள்ளையணு கணக்குல போய் சேந்துடும். அதனால பிளேட்லெட் குறைஞ்சு வெள்ளையணு கூடின ஒரு ரிப்போர்ட் வரும், பாக்கறவங்க ஐயோ பெரிய இன்ஃபெக்ஷன்னு பயந்துடுவாங்க. ஊசி குத்தும்போது நாய் திமிறி, நரம்பு சட்டுனு கிடைக்காம ரெண்டு மூணு தடவை குத்தினாலே போதும், டியூப்புக்குள்ள போறதுக்கு முன்னாடியே ஒட்ட ஆரம்பிச்சிடும். ரத்தம் உறையாம இருக்க மருந்து உள்ள ஊதா மூடி டியூப்புல ரத்தம் விட்ட உடனே மெதுவா தலைகீழா திருப்பித் திருப்பிக் கலக்கணும், அதையும் பாதிப் பேர் செய்யறதில்ல. அப்புறம் அந்த டியூப் பைக் டிக்கில இந்த வெயில்ல ஊர் சுத்தி, சாயங்காலம் லேபுக்குப் போய், அதுக்கப்புறம் ஸ்லைடு போட்டா என்ன தெரியும்?

சரி, கண்ணால எப்படி எண்ணறாங்க? ஒரு சொட்டு ரத்தத்தை கண்ணாடில மெல்லிசா இழுத்து, காயவெச்சு, சாயம் போட்டு, எண்ணெய் விட்டு 100 பவர் லென்ஸ்ல பாப்போம். ரத்தம் ஒரு பக்கம் தடிமனா ஆரம்பிச்சு மறுபக்கம் இறகு நுனி மாதிரி கரைஞ்சு முடியும். நடுவுல சிவப்பணு ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம ஒரே அடுக்கா பரவின பகுதி இருக்கும், எண்ண வேண்டியது அங்க. பத்து இடம் பாத்து சராசரி எடுத்து, ஒரு இடத்துக்கு எத்தனை பிளேட்லெட்டோ அதை 15,000 ஆல பெருக்கினா தோராயமா ஒரு மைக்ரோலிட்டருக்கு எவ்வளவுன்னு வந்துடும். நாய்க்கு சாதாரணமா 2 லட்சத்துல இருந்து 5 லட்சம் வரை இருக்கும். உங்க பையனுக்கு நிஜமாவே 42,000னா ஒரு இடத்துக்கு மூணு தான் தெரியணும். பத்து பன்னெண்டு தெரியுதுன்னா அவனுக்கு பெரிய குறைவே கிடையாது. ஆனா எண்ணறதுக்கு முன்னாடி அந்த இறகு நுனியைப் பாத்தே ஆகணும், கொத்தெல்லாம் அங்கதான் போய் ஒதுங்கும். நுனில கொத்து கிடந்தா, நடுவுல எண்ணினதும் குறைச்சலாத்தான் வரும், அப்ப "குறைஞ்சபட்சம் இவ்வளவு இருக்கு"ன்னு மட்டும்தான் சொல்ல முடியும். அதுக்கு தீர்வு புதுசா ஒரு தடவை நல்ல நரம்புல ஒரே குத்துல ரத்தம் எடுத்து, அந்த இடத்துலயே ஸ்லைடு இழுக்கறது. அஞ்சு நிமிஷ வேலை.

அந்த அஞ்சு நிமிஷத்தை யாரும் செலவு பண்றதில்லங்கறதுதான் என் வருத்தம். நிறைய கிளினிக்ல மைக்ராஸ்கோப் மூடி போட்டு மூலைல இருக்கு. ரத்தம் மனுஷங்க லேபுக்குப் போகுது, அங்க மனுஷனுக்கு செட் பண்ணின மெஷின்லயே நாய் ரத்தத்தையும் ஓட்டி, பக்கத்துல மனுஷனுக்கான நார்மல் அளவை அச்சடிச்சு அனுப்பிடறாங்க. ரிப்போர்ட்டோட கடைசில யார் கையெழுத்துன்னு பாருங்க, கால்நடை நோயியல் படிச்சவங்க கையெழுத்தா? ஸ்மியர் பத்தின அந்த ஒட்டுண்ணி இல்லைங்கற வரி, நிறைய இடத்துல ஸ்லைடே போடாம கம்ப்யூட்டர்ல ஏற்கனவே டைப் பண்ணி வெச்ச வரி. உங்க லேப் கொத்து இருக்குன்னு எழுதியிருக்குன்னா அங்க யாரோ ஒருத்தர் ஸ்லைடைப் பாத்திருக்காங்க, அவங்களுக்கு நன்றி, ஆனா அதைப் பாத்தப்புறம் அந்த நம்பரை அடிச்சுட்டு ரீசாம்பிள் கேட்டிருக்கணும்.

இப்ப ஒட்டுண்ணி இல்லன்னா டிக் ஃபீவர் இல்லதானேன்னு கேட்டீங்க. இல்லங்க, அப்படி கிடையாது. நம்ம ஊர்ல வீட்டு செவுத்துலயும் கதவு இடுக்குலயும் ஏறுற பழுப்பு உண்ணிதான் இதையெல்லாம் பரப்புது. அதுல எர்லிக்கியா கேனிஸ்ங்கற கிருமி வெள்ளையணுல மோனோசைட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், ஸ்லைடுல மாட்டறது ரொம்ப அபூர்வம், நல்லா பழகின கண்ணுக்கே மாட்டாது. அதனால இல்லைன்னு வந்த ஸ்மியர் அதை இல்லைன்னு ஆக்காது. பேபீசியாங்கற இன்னொரு உண்ணி ஒட்டுண்ணி சிவப்பணுக்குள்ளயே இருக்கறதால கொஞ்சம் சுலபம், அதுக்கும் காது நுனில குத்தி எடுத்த சொட்டுல தேடினா கிடைக்கற வாய்ப்பு அதிகம். பேபீசியான்னு மட்டும் எழுதியிருந்தா பத்தாது, பெருசா சின்னதான்னு கேளுங்க. பெருசு ஜோடியா பேரிக்கா வடிவத்துல இருக்கும், சின்னது, அதாவது கிப்சோனி, மோதிரம் மாதிரி பொடியா இருக்கும். பெருசுக்குப் போடற இமிடோகார்ப் ஊசி சின்னதை சரியா ஒழிக்காது, அதுக்கு அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேத்துக் குடுக்கணும், செலவும் கூட. தெரியாம ஊசியைப் போட்டுட்டு சரியாயிடும்னு காத்திருந்து நாயை இழந்தவங்க இருக்காங்க.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கொடுமை, இல்லாத பேபீசியாவைக் கண்டுபிடிக்கறது. சிவப்பணு மேல ஒரு பிளேட்லெட் வந்து உக்காந்தா அதைச் சுத்தி வெள்ளையா ஒரு வளையம் தெரியும், பழகாதவங்க ஒட்டுண்ணிம்பாங்க. சாயம் வடிகட்டாம போட்டா கருநீல துகள் எல்லா இடத்துலயும் விழும், செல்லுக்கு வெளியவும் அதே துகள் கிடந்தா அது சாயம்தான். நம்ம சென்னை புழுக்கத்துல ஸ்லைடு மெதுவா காஞ்சா சிவப்பணு முழுக்க பளபளன்னு ஓட்டை ஓட்டையா தெரியும், அதையும் பேபீசியான்னு எழுதற ஆளுங்க உண்டு. ஸ்லைடு இழுத்த உடனே ஃபேன் காத்துல ஆட்டிக் காயவெச்சா இந்தத் தொல்லை இல்ல. இறகு நுனியோட விளிம்புல சிவப்பணுவைப் பாத்துட்டு ஸ்ஃபீரோசைட்டுன்னு (நடு வெளுப்பு இல்லாம உருண்டையான சிவப்பணு) எழுதி, எதிர்ப்பு சக்தியே ரத்தத்தை அழிக்குதுன்னு ஸ்டீராய்டு ஆரம்பிச்ச கேஸும் பாத்திருக்கேன். அந்த விளிம்புல எல்லா நாய்க்கும் நடு வெளுப்பு மறைஞ்சு முழு உருண்டையாத்தான் தெரியும். ஸ்டீராய்டுன்னு யாராவது சொன்னா, ஸ்லைடுல எந்த இடத்துல பாத்தாங்கன்னு தயங்காம கேளுங்க.

நீங்க நாய் வெச்சிருக்கீங்க, ஆனா பூனை வெச்சிருக்கறவங்களும் இதைப் படிப்பீங்க, உங்களுக்கு தனியா சொல்லியே ஆகணும். பூனைக்கு மெஷின் சொல்ற பிளேட்லெட் கணக்கை தனியா வெச்சு எப்பவுமே நம்பாதீங்க. பூனையோட சிவப்பணு சின்னது, பிளேட்லெட் பெருசு, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சைஸ்ல வர்றதால சைஸை வெச்சு எண்ணற மெஷினால சரியா பிரிக்க முடியாது. போதாததுக்கு நாயை விட பூனை பிளேட்லெட் சீக்கிரம் ஒட்டிக்கும், பூனையைப் பிடிச்சு ரத்தம் எடுக்கற போராட்டத்துல ஒட்டாம வந்தாதான் ஆச்சரியம். பர்ஷியன் பூனைக்கு பிளேட்லெட் 20,000னு ரிப்போர்ட்டை வெச்சுக்கிட்டு அழறவங்க ஸ்லைடைப் பாத்தா நுனி முழுக்க கொத்து கொத்தா கொட்டிக் கிடக்கும், அந்தப் பூனை நல்லா சாப்பிட்டுட்டு ஜன்னல்ல உக்காந்திருக்கும். முக்கியமா பூனைக்கு ரத்தம் ஏத்தறேன்னு யாராவது சொன்னா, ரத்த வகை பாக்காம ஒரு சொட்டு கூட ஏத்த விடாதீங்க. பூனைக்கு முதல் தடவையே வேற வகை ரத்தம் போனா உயிருக்கே ஆபத்து, பி வகை பூனைக்கு ஏ வகை ரத்தம் போனா கொஞ்ச நேரத்துலயே உயிர் போயிடலாம். நாய்க்கு முதல் தடவை அந்த அளவு பிரச்சினை பெரும்பாலும் வராது, பூனைக்கு அந்த சலுகை கிடையாது.

உங்க டோனர் விஷயத்துக்கு வர்றேன். ரத்தம் ஏத்தறது சிவப்பணு குறைஞ்சு சோகையான நாய்க்கு. பிளேட்லெட் நம்பரை ஏத்தறதுக்காக முழு ரத்தம் ஏத்தினா, அதுல வர்ற பிளேட்லெட் ரொம்பக் கொஞ்சம், அதுவும் சீக்கிரமே போயிடும், நிஜமா ரத்தக்கசிவு இருந்தா டாக்டர் அதை வேற கணக்குல முடிவு பண்ணுவார். சாம்பிள் தூக்கிட்டு போறவருக்கு அதை முடிவு பண்ற தகுதி இல்ல. அந்த டோனர் நாய் யாரோடது, போன மாசம் எத்தனை தடவை ரத்தம் குடுத்துச்சு, அதுக்கே உண்ணிக் காய்ச்சல் டெஸ்ட் பண்ணினாங்களான்னு கேட்டுப் பாருங்க, பதில் வராது. டெஸ்ட் பண்ணாத தெரு நாய் ரத்தத்துல இருந்தே பேபீசியா உங்க பையனுக்கு வந்து சேரலாம். பப்பாளி இலை சாறை விடுங்க, சாப்பிடாத நாய் வாய்ல கசப்பா ஊத்தினா வாந்திதான் எடுப்பான், அதை நம்பி நாலு நாள் போறதுதான் நிஜ ஆபத்து.

உண்ணி எடுத்திருக்கீங்க, சோர்வா இருக்கான், அதனால உங்க டாக்டர் டாக்ஸிசைக்ளின் ஆரம்பிச்சா அது நியாயம்தான். பொதுவா 28 நாள் குடுப்பாங்க, வெறும் வயித்துல குடுக்காதீங்க, மாத்திரைக்கு அப்புறம் கொஞ்சம் சாப்பாடோ தண்ணியோ உள்ள போகணும், இல்லன்னா உணவுக்குழாய் புண்ணாகும். நாலஞ்சு நாள்ல தெளிஞ்சுட்டான்னு பாதில நிறுத்திடாதீங்க. உறுதியா தெரியணும்னா கிருமியோட மரபணுவையே தேடற பிசிஆர் டெஸ்ட் கேளுங்க. கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்கின எதிர்ப்பொருளைப் பாக்கற கிட் டெஸ்ட்டுல பாசிட்டிவ்னு வந்தா அது எப்பவோ கிருமி வந்து போனதைக் கூட காட்டும், அதை மட்டும் வெச்சு வருஷா வருஷம் மருந்து கொட்டறாங்க.

நாளைக்கு காலைல இதைப் பண்ணுங்க. உங்க டாக்டர்கிட்ட போய் புதுசா ஒரு ஸ்லைடு அங்கயே இழுக்க சொல்லுங்க, ரெண்டு எடுத்தா நல்லது, கூடவே காது நுனில இருந்து ஒண்ணு. 1903ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரில இருக்கு, பெரம்பூர்ல இருந்து பக்கம்தான், அங்க ஸ்லைடு பாக்கறதையே தொழிலா படிச்சவங்க இருக்காங்க, அங்க காட்ட முடிஞ்சா காட்டுங்க. கையில எடுத்துட்டு போறீங்கன்னா, கண்ணாடியோட ஒரு ஓரம் சொரசொரப்பா இருக்கும், அதுல பேரும் தேதியும் பென்சில்ல எழுத சொல்லுங்க, பேனா மை சாயம் போடும்போது கரைஞ்சுடும். டியூப்பை ஃபிரிட்ஜ்ல வெக்கலாம், ஸ்லைடை மட்டும் வெக்காதீங்க, வெளிய எடுத்ததும் தண்ணி கோத்து செல்லெல்லாம் வெடிச்சுடும். ஃபார்மலின் பாட்டில் இருக்கற பைலயும் போடாதீங்க, அந்த ஆவி பட்டாலே சாயம் ஒழுங்கா பிடிக்காது.