ஃபாஸ்ட் ஃபுட் விட முடியல, கலோரியும் உப்பும் கம்மியா சாப்பிட ஏதாவது வழி இருக்கா?

மொதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டரும் கிடையாது டயட்டீஷியனும் கிடையாது. திருப்பூர்ல தள்ளுவண்டில ஆரம்பிச்சு இப்ப சின்னதா ஒரு கடை போட்டு எக் ரைஸ், சிக்கன் ரைஸ், நூடுல்ஸ், காளான்னு ஓட்டிட்டு இருக்கற ஆளு. "விக்கறவனே உபதேசம் பண்ண வந்துட்டான்"னு எழுதறவங்க தாராளமா எழுதிக்கோங்க. ஆனா கடாய்ல என்ன விழுது, எவ்வளவு விழுதுன்னு நிக்கறவனுக்குத்தான் தெரியும், அந்த ஒரு தகுதிலதான் பேசறேன்.

கேள்வி கேட்ட தம்பி எங்கயோ ரூம் எடுத்துத் தங்கி, வேலை முடிஞ்சு பத்து மணிக்கு மேல சாப்பாடு தேடற ஆளாத்தான் இருக்கணும். வீட்ல சமைச்சு சாப்பிடுங்கன்னு உங்களுக்கு பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவாங்க. ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டு வந்து அடுப்பு பத்த வைக்கறது என்னன்னு அவங்க ஒரு நாள் செஞ்சு பாக்கட்டும், அப்புறம் பேசலாம்.

நீங்க எந்த ஃபாஸ்ட் ஃபுட்டைக் கேக்கறீங்கன்னு தெரியல. பீட்சா பர்கர் செயின் கடைன்னா அங்க போர்டுலயே கலோரி போட்ருப்பாங்க. பத்து இடத்துலயோ அதுக்கு மேலயோ கிளை வச்சிருக்கறவங்க, இல்லன்னா சென்ட்ரல் லைசென்ஸ் வாங்குனவங்க, மெனுல கலோரி போட்டே ஆகணும்னு 2022-லிருந்து எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம், அவங்க ரூல் இருக்கு. கூடவே ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2000 கலோரி வேணும், ஆளுக்கு ஆளு மாறும்னு ஒரு வரியும் இருக்கும். பொண்ணைக் கூட்டிட்டு கோயமுத்தூர்ல ஒரு மாலுக்குப் போனப்ப வரிசைல நின்னு இதையேதான் படிச்சிட்டு இருந்தேன், "அப்பா மத்தவங்க பாக்கறாங்க"ன்னு இழுத்துட்டுப் போனா. சாதாரண வெஜ் பர்கர் 350, 400 கலோரிக்குள்ளதான். அதையே பிரெஞ்ச் பிரைஸ், கோக் சேத்து மீலா வாங்குனா 800 பக்கம் போயிடும். அதனால அங்க சூட்சுமம் ஒண்ணுதான், பர்கர் மட்டும் வாங்குங்க, தண்ணி குடிங்க. கவுன்டர்ல "மீலா ஆக்கிடட்டுமா சார்"னு கேக்கும்போது வேண்டாம்னு சொல்ல வெக்கப்படாதீங்க, கேக்கறது அந்தப் பையனோட வேலை, வேண்டாம்கறது உங்க காசு.

ஆனா அந்த போர்டுல உப்பு இருக்காது, அதைப் பாத்தீங்களா? சத்துக் கணக்குல போர்டுல கலோரி மட்டும்தான் கட்டாயம். உப்புல இருக்கற சோடியம் எவ்வளவுன்னு பாக்கணும்னா அவங்க வெப்சைட்ல போய் நோண்டணும், பெரிய கம்பெனிங்க சிலது அங்க போட்ருக்காங்க. அதைப் பாத்தா இன்னொரு வேடிக்கை தெரியும், நாக்குல உப்பு கரிக்கறது பிரைஸ்லதான், ஆனா சோடியம் ஜாஸ்தி இருக்கறது பெரும்பாலும் பர்கர்ல, ஏன்னா பன்னு, சீஸு, சாஸுன்னு எல்லாத்துக்குள்ளயும் உப்பு ஒளிஞ்சிருக்கு. சும்மா குடுக்கற கெட்சப் பாக்கெட்டு, மேல தூவற பொடி இதெல்லாம் அந்த கலோரி கணக்குலயும் சேராது, அதுக்கு ரூல்லயே விலக்கு இருக்கு.

இப்ப எங்க பக்கம் வருவோம். எங்க ஊர்ல ஃபாஸ்ட் ஃபுட்னு சொன்னா ரோட்டோரம் தீ எரியற கடாய்தான், பர்கர் இல்ல. எங்களுக்கு போர்டு கட்டாயமும் கிடையாது, நாங்க அளந்தும் போடறதில்ல, கை அளவுதான். நானும் அப்படித்தான் போட்டுட்டு இருந்தேன், ஒரு சனிக்கிழமை வரைக்கும்.

சனிக்கிழமை இங்க சம்பள நாளுங்க, கடைல நிக்க எடம் இருக்காது. எங்க கடைக்கு ரெகுலரா ஒரு கட்டிங் மாஸ்டர் வருவாரு, எக் ரைஸ் ஃபுல்லு ஒண்ணு, காளான் ஒரு பிளேட்டு, கடைசில உப்பு போட்டு லெமன் சோடா. அன்னிக்கு அவரு வரல, அவரு சம்சாரம் வந்தாங்க, கைல மாத்திரை அட்டை. "ஏனுங்கண்ணா, மக்களைத் தேடி மருத்துவம்னு நர்ஸக்கா வீடு தேடி வந்து பிபி மாத்திரை குடுத்துட்டுப் போறாங்க, எங்கூட்டுக்காரரு அதைய முழுங்கிட்டு நேரா உங்க கடைக்குத்தான் வர்றாரு, என்னதானுங்க போடறீங்க அதுல?"ன்னு அத்தனை கூட்டத்துலயும் கேட்டுப்போட்டாங்க. அம்மிணி சத்தம் போடல, திட்டல, அதான் இன்னும் சுருக்குனு இருந்துச்சு. பார்சலுக்கு நின்ன பசங்க எல்லாம் என்னையவே பாக்கறாங்க. நான் என்ன கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தா ஊட்டி விடறேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. கடைக்கு வர்ற பொம்பளைங்ககிட்ட எதுத்துப் பேசி யாவாரம் பண்ண முடியாது.

ஆனா அந்தக் கேள்வி போகல. என்னதான் போடறேன், பாத்துடலாம்னு அடுத்த வாரம் வீட்ல கேக் பண்றதுக்கு வாங்குன டிஜிட்டல் தராசை கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கடாய் முன்னாடி நின்னு ஒவ்வொரு பிளேட்டுக்கும் நிறுத்துட்டு இருக்க முடியாதுல்ல, அதனால சாயங்காலம் கடை திறக்கும்போது உப்பு டப்பாவை நிறுத்து வச்சேன், எண்ணெய் கேனை நிறுத்து வச்சேன், சோயா சாஸ் பாட்டில்ல பேனால கோடு போட்டேன், ராத்திரி மூடறப்ப மறுபடி நிறுத்து, போன பிளேட்டு எண்ணிக்கையால வகுத்தேன். ஹெல்ப்பர் பையன் எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சான்.

வந்த கணக்கு இது. ஒரு பிளேட்டுக்கு உப்பு 3 கிராம், சோயா சாஸ் 14 மில்லி, அஜினோ, அதாங்க ருசிக்குப் போடற அஜினோமோட்டோ, ஒரு கிராமுக்குப் பக்கம். உப்புல ஒரு கிராமுக்கு சுமார் 400 மில்லிகிராம் சோடியம், அப்ப 3 கிராமுக்கு 1200. எங்க சோயா பாட்டில் லேபிள்ல 100 மில்லிக்கு 6000-ன்னு போட்ருந்தான், அப்ப 14 மில்லிக்கு 840. அஜினோல 120. மொத்தம் 2160. ஒரு ஆளு ஒரு நாள் பூரா 2000 மில்லிகிராம் சோடியத்துக்கு, அதாவது 5 கிராம் உப்புக்கு உள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எங்க ஒரே பிளேட்டு அதைத் தாண்டிடுச்சு, இன்னும் சோறு வடிக்கற தண்ணில போட்ட உப்பையும் சில்லி சாஸையும் நான் சேக்கவே இல்ல. கலோரின்னு பாத்தா ஃபுல் பிளேட்டுல சோறு 400 கிராம், அதுவே 520. எண்ணெய் 40 கிராம் போகுது, கிராமுக்கு 9 கலோரி, அது 360. முட்டை ரெண்டுக்கு 140. ஆயிரத்துக்கு மேல வருது.

உடனே "பாத்தீங்களா ஃபாஸ்ட் ஃபுட் விஷம்"னு கிளம்பாதீங்க. ராத்திரி ஊறுகாயும் அப்பளமும் வச்சு சாப்பிடற வீட்டையும் இதே மாதிரி தராசு வச்சு நிறுத்துப் பாருங்க, அப்புறம் என்கிட்ட வாங்க. அந்த அஜினோ விஷயத்தையும் சொல்லிடறேன். வீடியோ பாத்துட்டு வந்து "மாஸ்டர் அஜினோ போடாதீங்க, சோயா மட்டும் கொஞ்சம் தூக்கலா போடுங்க"ம்பாங்க. அஜினோல சோடியம் 12 சதவீதம்தான், உப்புல 39. பிபிக்காக பயப்படறவங்க பயப்பட வேண்டியது அந்த சோயா பாட்டிலப் பாத்துதான். இத சொன்னா நான் கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டேன்னு சொல்லுவாங்க, வாங்கல, அந்தப் பாக்கெட்டையே காசு குடுத்துத்தான் வாங்கறேன்.

அப்புறம் என்ன பண்ணேன்னா, சோறு வடிக்கற தண்ணில உப்பு போடறதை நிறுத்துனேன். சோத்துக்குள்ள ஊறுன உப்பு நாக்குக்கு அவ்வளவா தெரியாது, கடைசில மேல விழற உப்புதான் சுருக்குன்னு தெரியும், அதனால கம்மியா போட்டாலும் ஈடாயிடும். கட்டிங் மாஸ்டருக்கு மட்டும் தனியா, உப்பு ஒரு சிட்டிகை, சோயா பாதி, அதுக்குப் பதிலா பூண்டு, வெள்ளை மிளகு, வினிகர், வெங்காயத்தாள் நல்லா தூக்கலா, தீயை ஏத்தி ஒரு வீசு. முதல்ல "என்ன மாஸ்டர், ஆஸ்பத்திரி சாப்பாடு போட்டுட்டீங்க"ன்னு மூஞ்சத் தூக்குனாரு. கொஞ்ச வாரம் போனதும் பழகிடுச்சு, இப்ப வேற கடைல சாப்பிட்டா கரிக்குதுங்கறாரு. ஆனா காளானை விட மாட்டேங்கறாரு, அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது, காளான்னு பேரு, முக்காவாசி முட்டைக்கோஸும் மைதாவும் பொரிச்சு கிரேவில போட்டுப் பெசையறது, எல்லாம் முன்னாடியே உப்பு புடிச்சு ரெடியா இருக்கும். அவருக்கு பிபி இறங்குச்சான்னு நான் கேக்கல. மாத்திரை போட்டுட்டுத்தான் இருக்காரு, யாரும் இதைப் படிச்சிட்டு மாத்திரையை நிறுத்திடாதீங்க சாமி. கடைல விக்கற சோடியம் கம்மி உப்பும் டாக்டர்கிட்ட கேக்காம வாங்காதீங்க, அதுல பொட்டாசியம் சேத்திருப்பாங்க, கிட்னி பிரச்சினை இருக்கறவங்களுக்கு ஆபத்து.

இங்கதான் உங்க கேள்விக்கு என் பதில் இருக்கு. செயின் கடைல நம்பர் தெரியும், ஆனா பர்கருக்குள்ள வைக்கற பேட்டியும் பன்னும் எங்கயோ ஃபேக்டரில உப்பு சேந்து வருது, மாத்த முடியாது, சாஸை வேணா கம்மி பண்ணச் சொல்லலாம். எங்ககிட்ட நம்பர் கிடையாது, ஆனா ஆளு எதிர்ல நிக்கறான், சொன்னா மாத்தலாம்.

டெலிவரி ஆப்ல ஆர்டர் போட்டா அந்த ஆளும் போயிடறான். ஆப்காரன் பில்லுல கால்வாசிக்குப் பக்கம் கமிஷன் எடுத்துக்கறான், ஆஃபர்னு என் பேர்ல அவனே போடறான், அந்த தள்ளுபடி என் கணக்குல கழியுது. ஒருத்தர் குறிப்புல "உப்பு கம்மி"ன்னு போட்ருந்தாரு, அப்படியே பண்ணிக் குடுத்தேன். மறுநாள் பாத்தா ரெண்டு ஸ்டார், "டேஸ்ட்டே இல்ல, உப்பில்ல"ன்னு. யார் சாப்பிட்டாங்களோ யார் ஆர்டர் போட்டாங்களோ தெரியாது, போன் பண்ணிக் கேக்கலாம்னா நம்பரும் காட்ட மாட்டான். அதுக்கப்புறம் எந்த மாஸ்டரு குறிப்பைப் பாத்து உப்பைக் குறைப்பான் சொல்லுங்க? பத்தொன்பது கிலோ சிலிண்டர் விலை மாசாமாசம் ஒண்ணாம் தேதி என்ன ஆகும்னு பயந்துட்டு இருக்கறவன் ரெண்டு ஸ்டாருக்கும் பயப்படணுமா? சரி விடுங்க, இதுக்கு தனியா யாராச்சும் கேள்வி கேட்டா எழுதறேன்.

நேர்ல வர்றதா இருந்தா, எங்க கடைன்னு இல்ல எந்த தள்ளுவண்டியா இருந்தாலும், கூட்டம் ஏறறதுக்கு முன்னாடி ஏழு மணிக்குள்ள வாங்க, வேலை முடிய லேட்டாகும்னா கூட்டம் ஓஞ்சப்புறம் வாங்க, அப்பதான் மாஸ்டர் காது குடுப்பான். ஃபுல்லுக்கு பதிலா ஹாஃப் வாங்கி முட்டை ஒண்ணு சேத்துப் போடச் சொல்லுங்க, வயிறும் நிறையும் சோறும் எண்ணெயும் குறையும். ரைஸா நூடுல்ஸான்னா ரைஸ் வாங்குங்க, நூடுல்ஸ் கட்டி உப்பு சேந்துதான் வருது, ஒட்டக்கூடாதுன்னு எண்ணெய் வேற தடவி வச்சிருப்போம். சில்லி சிக்கன், 65 எல்லாம் மதியமே மசாலா தடவி ஊற வச்சது, அதுல போய் உப்பு கம்மின்னு கேட்டா மாஸ்டர் தலையாட்டுவான், ஒண்ணும் மாத்த மாட்டான். கெட்சப் பக்கத்துல ஊத்துனா வேண்டாம்னு சொல்லுங்க, லெமன் சோடால உப்பு போடாம வாங்கிக் குடிங்க. முக்கியமா, சோயா பாதின்னு சொல்றதை எண்ணெய் காயறப்பவே சொல்லிடுங்க, சாஸ் கடாய்ல விழுந்தப்புறம் சொன்னா சரிங்க சரிங்கன்னுதான் சொல்லுவோம்.