வாசகர் கேள்வி-பதில்: ஐந்நூறுக்குக் காத்திருப்போர் கவனத்துக்கு

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே தொடரைப் பற்றியவை: ‘கிரேஸ் அனாட்டமி’. 2005 மார்ச் 27 அன்று அமெரிக்காவின் ஏபிசி அலைவரிசையில் தொடங்கிய மருத்துவமனைத் தொடர் அது. நானூறைத் தாண்டி ஐந்நூறை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. சமையல், சட்டக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டோம்.

ஐந்நூறாவது எபிசோட் எப்போது? எங்கள் புலனக் குழுவில் ஆளுக்கொரு தேதி சொல்கிறார்கள்.
– தாமான் வாசகி ஒருவர்

தேதியை விடுங்கள் அம்மா, கூட்டிப் பாருங்கள். 2025 மே மாதம் 21ஆவது சீசன் முடிந்தபோது மொத்தம் 448 எபிசோட். சீசனுக்கு 18 வீதம் வந்தால் 22இன் முடிவில் 466, 23இல் 484, 24இல் 502. ஆக, தொடர் அதுவரை ஓடி, இடையில் எதுவும் குறையாமல் இருந்தால், 24ஆவது சீசனின் 16ஆவது எபிசோட்தான் ஐந்நூறு. வழக்கம்போல் இலையுதிர் காலத்தில் தொடங்கி மே மாதம் முடியும் சீசன் என்று வைத்துக்கொண்டால் அது 2028இன் முற்பகுதியில் வரும்.

‘குறையாமல்’ என்பதில்தான் சிக்கல். 2007-08 எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் 4ஆவது சீசன் 17 எபிசோடோடு முடிந்தது. கோவிட் காலத்தில் 16ஆவது சீசன் 21இல் நின்றது, அடுத்தது 17தான். 2023 வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு வந்த 20ஆவது சீசனில் வெறும் 10. அப்படி ஒரே ஒரு பத்து எபிசோட் சீசன் குறுக்கே வந்தாலும் 24இன் முடிவில் 494தான் இருக்கும். ஐந்நூறு அடுத்த சீசனின் ஆறாவது எபிசோடுக்குத் தள்ளிப்போகும்.

குழுவில் கணக்கு ஒத்துப்போகாததற்கு வேறு இரண்டு காரணங்களும் இருக்கும். ஒரே இரவில் இரண்டு எபிசோட் ஒளியேறினால் சிலர் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். 2022 மே 26 அன்று வந்தது ஒரே கோப்பு போலத் தோன்றினாலும் அது 399, 400 என இரண்டு. இன்னொன்று, கிளைத் தொடர்கள். ‘பிரைவேட் பிராக்டிஸ்’, ‘ஸ்டேஷன் 19’ இரண்டிலும் கதை குறுக்கே ஓடும். பார்க்கலாம், எண்ணக் கூடாது.

நூறு, இருநூறு என்று அவர்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?
– படிவம் ஐந்து மாணவர்

காசுக் கணக்குதான் தம்பி. அமெரிக்காவில் ஒரு தொடரை மற்ற நிலையங்களுக்கு மறுஒளிபரப்புக்கு விற்க, ஏறத்தாழ நூறு எபிசோட் கையில் இருப்பது நல்லது என்று கருதினார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று போட்டால் நூறு எபிசோட் இருபது வாரத்துக்கு வரும். பார்த்ததே திரும்ப வருகிறது என்ற சலிப்பு சீக்கிரம் தட்டாது. இருநூறும் முந்நூறும் அந்தப் பழக்கத்தின் நீட்சி, விளம்பரத்துக்கு வசதி.

உலகிலேயே நீண்ட மருத்துவத் தொடர் இதுதானா?
– ரயில் நிலையச் சாலை வாசகர்

இல்லை. அமெரிக்காவின் இரவு நேர மருத்துவத் தொடர்களில் மட்டும் இது முதலிடம். ‘ஈ.ஆர்.’ 1994 முதல் 2009 வரை 331 எபிசோட் ஓடியது. 2019 பிப்ரவரி 28 அன்று 332ஆவதை ஒளிபரப்பி ‘கிரேஸ்’ முந்தியது. பிரிட்டனின் ‘கேஷுவல்டி’ 1986 செப்டம்பர் 6 முதல் ஓடுகிறது. பகல் நேரத் தொடர்களையும் சேர்த்தால் யாரும் கிட்டே வர முடியாது: 1963இல் தொடங்கிய ‘ஜெனரல் ஹாஸ்பிட்டல்’ 2022 ஜூனில் 15,000ஐத் தொட்டது.

சிறப்பு எபிசோடை எங்கள் குடும்பமும் நண்பர்களுமாக இருபத்தைந்து பேர் பாலாய் ராயா பொது மண்டபத்தில் திரையிட்டுப் பார்க்க நினைக்கிறோம். ஆளுக்கு ஐந்து வெள்ளி வாங்கலாமா? சென்ற முறை ஒரு படம் போட்டபோது சத்தம் மட்டும் வந்தது, படம் வரவில்லை. ஏன்?
– செம்பனைத் தோட்ட இளைஞர்கள்

முதலில் காசு. உங்கள் சந்தா வீட்டில் பார்க்கக் கொடுத்தது; கட்டணம் வாங்கிப் பொது மண்டபத்தில் காட்ட அனுமதி தனி. மண்டபத்தையும் ஐந்து வெள்ளியையும் மறந்துவிட்டு, யாராவது ஒருவர் வீட்டில் காடி நிறுத்தும் முன்கூடத்துக்கு மாற்றுங்கள். சாப்பாட்டைப் பகிர்ந்து கொண்டுவரட்டும்.

சத்தம் வந்து படம் கறுத்தது திருட்டுத் தடுப்புப் பூட்டால். சந்தா சேவைகள் எச்.டி.எம்.ஐ. வழியாகப் படத்தைப் பூட்டி அனுப்பும். மறுமுனைக் கருவி அந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். நீல நிற வி.ஜி.ஏ. செருகி மட்டும் உள்ள பழைய புரொஜெக்டருக்கு அது தெரியாது. இடையில் மாட்டும் மலிவு மாற்றிகளிலும் இதே தகராறு. கைப்பேசித் திரையை அப்படியே பிரதிபலித்தாலும் பல செயலிகள் படத்தை மறைத்துவிடும். ஆகவே எச்.டி.எம்.ஐ. துளை உள்ள புரொஜெக்டர், அதில் நேரடியாகச் செருகும் டிவி பெட்டி அல்லது ஸ்டிக், அந்தப் பெட்டியிலேயே செயலி. நடுவில் வேறு எதுவும் வேண்டாம். முதல் நாள் இரவே அதே செயலியில் அதே தொடரின் ஏதாவது ஒரு பழைய எபிசோடைப் போட்டுப் பாருங்கள். யூடியூபை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. இந்தப் பூட்டு அதில் பெரும்பாலும் இருக்காது, எல்லாம் சரி என்று ஏமாந்துவிடுவீர்கள்.

திரைக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். எட்டு முழ வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்தால் சுமார் 1.8 மீட்டர் அகலம் கிடைக்கும். அந்த அகலத்துக்குப் படத்தின் உயரம் ஒரு மீட்டர். கரை விழும் பக்கத்தைக் கீழே தொங்க விடுங்கள். ஒற்றையாகக் கட்டினால் ஒளி ஊடுருவிப் படம் வெளிறும். அதனால்தான் மடிக்கச் சொல்கிறோம். பின்னால் கறுப்புத் துணி இருந்தால் இன்னும் நல்லது. இஸ்திரி போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கதாநாயகி மெரிடித் முகத்தில் சுருக்கம் விழும். சாதாரண புரொஜெக்டரின் எறிதூர விகிதம் 1.5 அளவில் இருக்கும்: 1.8 மீட்டர் படத்துக்கு 2.7 மீட்டர் தள்ளி வையுங்கள். கையேட்டில் உள்ள எண் வேறென்றால் அதையே அகலத்தோடு பெருக்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் ஏழரைக்கு முன் இருட்டாது. முன்கூடத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும்போது தொடங்கினால் அறுவை அறைக் காட்சிகள் மட்டும் தெரியும், இருட்டுக் காட்சிகள் ஒன்றும் தெரியாது. எட்டு மணிக்கு வையுங்கள்.

ஒலிப்பெருக்கியைப் புளூடூத்தில் இணைத்தால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகும்; கம்பியால் இணையுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டினால் எந்த ஒலிப்பெருக்கியாலும் சமாளிக்க முடியாது, ஆங்கில வசன வரிகளை முன்கூட்டியே போட்டு வையுங்கள். இணையம்: எச்.டி. தரத்தில் மணிக்கு ஏறக்குறைய 3 ஜிபி கரையும். விளம்பரம் நீங்கலாக ஓர் எபிசோட் 43 நிமிடம் என்றால் 2 ஜிபிக்குச் சற்று மேல். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுவதாக இருந்தால் வந்திருக்கும் இருபத்தைந்து பேரும் அதே கோபுரத்தில் வீடியோ பார்க்காமல் இருக்க வேண்டும். அதை வீட்டுப் பெரியவர் யாராவது சொன்னால்தான் கேட்பார்கள்.

சாப்பாடு உங்கள் விருப்பம். முறுக்கு மட்டும் வேண்டாம். யாரோ உயிருக்குப் போராடும்போது கடக்கு மொடக்கு என்று கேட்கும்.

அங்கே ஒளியேறும் நேரம் நமக்கு எத்தனை மணி? பார்ப்பதற்குள் யாரும் முடிவைச் சொல்லிவிடக் கூடாது.
– மேற்படி இளைஞர்களில் ஒருவரின் தங்கை

அண்மை சீசன்கள் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி வியாழன் இரவு 10 மணிக்கு வருகின்றன. நமக்கு அது வெள்ளிக்கிழமை காலை. மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருப்பார்கள். அப்போது காலை 10 மணி, மற்ற மாதங்களில் 11 மணி. இந்த மாற்றத்தை மறப்பவர்கள்தான் ஆண்டுக்கு இரண்டு தடவை ஏமாறுகிறார்கள். நம் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் நகரவே இல்லை என்பதால் நமக்கு நினைப்பு வருவதில்லை.

இங்குள்ள சேவையில் அது எந்த நாள் ஏறும் என்பது வேறு விஷயம். செயலியில் தொடரின் பக்கத்தைப் பாருங்கள். பேராக்கில் வெள்ளி வேலைநாள், நீங்கள் எப்படியும் இரவில்தான் பார்ப்பீர்கள். ஆபத்து வடக்கே இருக்கிறது: கெடாவில் வெள்ளி விடுமுறை. சுங்கை பட்டாணி, கூலிம் உறவினர்கள் இருக்கும் குழுக்களை வியாழன் இரவே ஒலியடக்கி, படங்கள் தானாக இறங்காமல் செய்துவையுங்கள். முன்னோட்டப் படம் ஒன்றே போதும், யார் இறந்தார் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

நான் தோட்டத்து மருத்துவமனையில் எச்.ஏ.வாக (மருத்துவமனை உதவியாளராக) இருந்து ஓய்வுபெற்றவன். நேர்க்கோடு ஓடும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிறார்களே, அதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. பேரப்பிள்ளைகள் அதுதான் சரி என்று வாதாடுகிறார்கள்.

நீங்கள் சொல்வதுதான் சரி ஐயா. மின்னதிர்ச்சி என்பது தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒரு கணம் நிறுத்தி, அது தன் தாளத்தை மறுபடி பிடித்துக்கொள்ள விடுவது. கீழறை நடுக்கம், நாடியில்லாத கீழறை வேகத் துடிப்பு இரண்டுக்கும்தான் அது. நேர்க்கோட்டில் நிறுத்துவதற்கே ஒன்றுமில்லை. அங்கே மார்பை அழுத்துவதும், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் அட்ரினலினும், காரணத்தைத் தேடுவதும்தான். படத்தில் நேர்க்கோடு காட்டுவது, பார்ப்பவருக்கு ஒரே பார்வையில் புரியும் என்பதற்காக.

பேரப்பிள்ளைகளுக்கு இன்னொன்றும் காட்டுங்கள். நடிகர் மார்பை அழுத்தும்போது முழங்கை மடங்கும். படுத்திருப்பவர் உயிருள்ள நடிகர், உண்மையாக அழுத்தினால் விலா ஒடியும். பெரியவர்களுக்குச் சரியான முறை: கை நேராக, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக எழும்ப விட வேண்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு தரலாம். மற்றவர்கள் 999க்கு அழைத்துவிட்டு அழுத்திக்கொண்டே இருந்தால் போதும்.

திரையில் பிழைப்பவர்கள் எண்ணிக்கையும் அப்படியே. ‘ஈ.ஆர்.’ உள்ளிட்ட மூன்று அமெரிக்க நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரைப்படி, இதயம் நின்றவர்களில் 75 விழுக்காட்டினர் திரையில் உடனே மீண்டார்கள். நிஜத்தில், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்களில் அமெரிக்காவிலேயே ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் பிழைத்து வீடு திரும்புகிறார்.

சரியாகக் காட்டுவதும் உண்டு. கை கழுவியபின் விரல் மேலே, முழங்கை கீழே வைத்து நடப்பது சரி. அழுக்கு நீர் முழங்கை வழியே வடிய வேண்டும். அறுவை அறையில் பொக்கி என்ற செவிலியாக வருபவர் நிஜத்திலும் அறுவைச் செவிலி. அவர் கருவியை எடுத்துக் கொடுக்கும் கையைப் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும்.

இன்டர்ன், ரெசிடென்ட், அட்டெண்டிங்: பாட்டிக்கு எப்படி விளக்குவது?
– பாட்டியோடு பார்க்கும் பேத்தி

இன்டர்னை ஹவுஸ்மன் என்று சொல்லுங்கள், பாட்டிக்கு உடனே புரியும். அங்கே அது ஓராண்டு, இங்கே இரண்டாண்டு. ரெசிடென்ட் என்பவர் சிறப்புத் துறையில் பயிற்சியில் இருப்பவர். பொது அறுவைக்கு இன்டர்ன் ஆண்டையும் சேர்த்து ஐந்தாண்டு. நம் எம்.ஓ. (மருத்துவ அதிகாரி) அங்குள்ள ரெசிடென்டுக்குச் சரிநிகர் இல்லை, ஏனென்றால் இங்கே எம்.ஓ.வாகச் சில காலம் வேலை பார்த்த பிறகுதான் நான்காண்டு முதுகலைக்குப் போகிறார்கள். அட்டெண்டிங் என்றால் ஸ்பெஷலிஸ்ட். மருந்து கட்டிவிடும் தோட்டத்து டிரெஸருக்கு மட்டும் அந்தத் தொடரில் ஈடு யாரும் இல்லை.

முதலிலிருந்து பார்க்க நேரமில்லை. சிறப்பு எபிசோடுக்கு முன் எவற்றைப் பார்த்தால் போதும்?
– கடை நடத்தும் வாசகி

ஆறு போதும், மொத்தம் நாலேகால் மணி நேரம். கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இதோடு நிறுத்திவிட்டு எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் எபிசோடைப் பாருங்கள்; அதிலிருந்து இன்றுவரை வருபவர்கள் மெரிடித், பெய்லி, வெப்பர் மூவர் மட்டும். 5ஆவது சீசனின் 22, அதாவது நூறாவது (2009 மே 7): எல்லோரும் எதிர்பார்த்த கல்யாணம் ஒன்று, நடந்தது வேறு. 10ஆவது சீசனின் 4, இருநூறாவது. இதைத் தவறவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. 11ஆவது சீசனின் 21: மெரிடித்தின் கணவர் டெரெக். கைக்குட்டை தேவைப்படும். 14ஆவது சீசனின் 7, முந்நூறாவது (2017 நவம்பர் 9): ரோலர் கோஸ்டர் விபத்தில் வரும் நோயாளிகள் பழைய தோழர்களை நினைவூட்டும் முகங்களோடு இருப்பார்கள். ஜார்ஜ், இஸ்ஸி, கிறிஸ்டினா யார் என்று தெரியாதவருக்கு அதில் பாதி நயம் போய்விடும். கடைசியில் மாடத்தில் நின்று கைதட்டுபவர் யார் என்று பாருங்கள். பிறகு 18ஆவது சீசனின் 20, நானூறு.

நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் முந்நூறாவது. கடையை மூடிய பிறகு பாருங்கள். வாடிக்கையாளருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே பார்க்கிற எபிசோட் இல்லை அது.