நோவு ஊசி போடாமல் ஏன் முதலில் பலூன் வைக்கிறார்கள்?

கேள்வி: கல்முனையில் அக்காவுக்குத் திகதி தாண்டியும் நோவு வரவில்லை. வாட்டில் நோவு ஊசியான ஒக்சிடோசின் ஏற்றாமல் பலூன் வைத்தார்கள். எல்லாம் ஓமோன் செய்கிற வேலைதானே, பலூன் எதற்கு?

பதில்: ஒக்சிடோசின் கருப்பைத் தசையைச் சுருக்கும். கருப்பைக் கழுத்தை, அதாவது கருப்பையின் வாய்ப்பகுதியை, இளக்குவது அதன் வேலையில்லை. அந்தக் கழுத்தில் தசை கொஞ்சம்தான், பெரும்பங்கு கொலாஜன் என்ற புரத நார்கள். அவை இறுகியிருக்க நோவை மட்டும் வரவைத்தால் மணிக்கணக்கில் வலிக்கும், வாய் திறக்காது, கடைசியில் சிசேரியனில் முடியலாம்.

இறுக்கத்தைக் காப்பது புரோஜெஸ்தரோன் என்ற ஓமோன். ஆட்டில் குட்டி போடுமுன் இரத்தத்தில் அது சட்டென்று விழும். மனிதரில் விழாது, சூல்வித்தகம் வெளியே வரும்வரை அளவு உயர்ந்தே நிற்கும். ஓமோன் வந்து ஒட்டும் வாங்கிகளின் விகிதம் மாறி, இழையத்துக்குள்ளேயே ஓமோன் சிதைந்து, அதன் சொல் அங்கே எடுபடாமல் போகிறது. அதனால் இரத்தத்தில் புரோஜெஸ்தரோன் பார்த்துப் பிரசவ நாளைச் சொல்ல முடியாது. அந்த வாங்கியை அடைக்கும் மிஃபெப்ரிஸ்டோன் என்ற மருந்தைக் கொடுத்தால் கழுத்து இளகுவது இதற்கு நல்ல சாட்சி.

தடை தளர்ந்ததும் ஈஸ்திரோஜனின் கை ஓங்கும், கழுத்தை இளக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பொருள் கூடும், வெண்குருதிக் கலங்கள் வந்து கொலாஜனை வெட்டும் நொதியங்களை விடும். ஹையலூரோனிக் அமிலம் பெருகி நீரும் சேரும். ஆனால் கொலாஜன் அப்படியே கரைந்துபோகிறது என்று நினைக்க வேண்டாம். சுண்டெலியில் மொத்த அளவு பெரிதாகக் குறையாமலே கழுத்து இளகுகிறது. பழைய நாருக்குப் பதில் குறுக்குப் பிணைப்புக் குறைந்த புதிய நார் வருகிறது. ரிலாக்சின் என்ற ஓமோனின் பெயரைப் பார்த்து அதுதான் இளக்குகிறது என்றும் மயங்க வேண்டாம், மனிதரில் அது உச்சத்தில் இருப்பது முதல் மூன்று மாதங்களில். அன்னாசி, பப்பாசி சாப்பிட்டால் கழுத்து இளகும் என்பதற்குச் சான்று கிடையாது.

பலூன் தொடக்கிவிடுவது இதே வழியைத்தான். மெல்லிய குழாயின் நுனியிலுள்ள பலூனைக் கழுத்தின் உள்வாய்க்கு மேலே வைத்து 30 முதல் 60 மில்லிலீற்றர் வரை நீர் நிரப்புவார்கள். அது அழுத்த, அந்த இடத்திலேயே புரோஸ்டாகிளாண்டின் சுரக்கும். சுமார் 3 சென்ரிமீற்றர் திறந்ததும் தானாகக் கழன்று விழும். உள்சோதனையில் கழுத்து எவ்வளவு தயார் என்று காட்டும் பிஷப் புள்ளி 6 அல்லது அதற்குக் கீழே என்றால் முதலில் இளக்குவது, பிறகு பன்னீர்க்குடம் உடைத்து ஒக்சிடோசின் என்பதே வழமையான வரிசை.

புரோஸ்டாகிளாண்டின் மருந்தும் இளக்கும். ஆனால் அது நோவை அளவுக்கு மீறிக் கூட்டலாம்; 10 நிமிடத்தில் 5க்கு மேல் நோவு வந்தால் பிள்ளையின் இதயத் துடிப்புப் பாதிக்கப்படலாம். முன்பு சிசேரியன் செய்தவருக்கு அவ்வகை மருந்தான மிசோப்ரோஸ்டோல் கொடுக்கக்கூடாது, தழும்பு கிழியும் ஆபத்து உண்டு. அவர்களுக்குப் பலூன் பொருத்தமானது, அதையும் கண்காணிப்போடுதான் வைக்க வேண்டும்.

பலூன் இருக்கும்போது இரத்தம் போனாலோ, நீர் உடைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தெரிந்தாலோ அடுத்த வாட் ரவுண்டு வரை காத்திருக்காமல் உடனே தாதியிடம் சொல்லச் சொல்லுங்கள்.