மூட்டைக்குள் அடங்காத சாயத் தண்ணீர்

கேள்வி: கலவரம், ஆட்சி மாற்றம் என்று பயந்து வெளிநாட்டுக் கம்பெனிகள் வங்கதேசத்தை விட்டு மூட்டை கட்டுகின்றனவாமே! அந்த பனியன் ஆர்டரெல்லாம் திருப்பூருக்கு வந்துவிடுமா? நம்பி மெஷின் போடலாமா?
– வாசகர், பல்லடம்

பதில்: தையல் மெஷினை மூட்டை கட்டலாம். சாயத் தண்ணீரை எப்படிக் கட்டுவது?

டாக்காவில் ஓடிய அதே டி-சர்ட்டைத்தான் இங்கும் கேட்பார்கள். 30ஆம் நம்பர் கோம்டு (சீவிச் சுத்தம் செய்த) நூல், 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி, கருநீலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலுக்கும் நிட்டிங்குக்கும் இங்கே பஞ்சமில்லை. லேப் டிப்பில்தான், அதாவது பையர் (வாங்கும் கம்பெனிக்காரர்) ஒப்புதலுக்காகச் சிறு துணியில் சாயம் ஏற்றிக் காட்டும் கட்டத்தில்தான், மாட்டுவோம். சாயத்தின் பிராண்டும் தண்ணீரின் உப்புத்தன்மையும் மாறினால் ஷேடு (நிறச் சாயல்) மாறும். பகல் வெளிச்ச விளக்கில் அச்சாக ஒத்துப்போகிற துணி, கடைகளில் எரிகிற டிஎல்84 விளக்கில் வேறு நிறமாகத் தெரியும். பையர் திருப்பி அனுப்பிவிடுவார். அது தேறினால் அளவு பார்க்க ஃபிட் சாம்பிள், எல்லா சைஸுக்கும் சைஸ் செட், தயாரிப்பு தொடங்கும் முன் பிபி சாம்பிள் என்று வரிசையாக ஒப்புதல் வாங்க வேண்டும். நூல் முறுக்கைக் கவனிக்காமல் விட்டால் ஒரே துவைப்பில் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிடும்.

கருநீலச் சாயம் துணியில் ஏற, லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் உப்பு போடுகிறோம். கிலோ துணிக்கு 7 லிட்டர் தண்ணீர் என்றால் 560 கிராம். அத்தனையும் கழிவில்தான் போகிறது. நொய்யலைக் கெடுத்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது இந்த உப்புதான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, 'தொழிலையே அழிக்கிறார்கள்' என்றவர்களோடு எனக்கு இன்றும் சமாதானம் இல்லை. இப்போது ஆர்ஓ வடிகட்டியும், கழிவைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் வைத்துத் தண்ணீரை மீட்கிறோம். அந்தக் கரண்டும் விறகும் சாயக் கூலியில் ஏறுகின்றன. பிரிக்க முடியாத கலப்பு உப்பு ஷெட்டுகளில் குவிந்து கிடக்கிறது. இந்தச் செலவை வாய்விட்டுக் கேட்காமல் டாக்கா விலைக்கே தலையாட்டுகிறார்களே, அதுதான் வயிறு எரிகிறது.

இன்னொன்று. 2024 ஆகஸ்ட் 5 அன்று டாக்காவில் ஆட்சி கவிழ்ந்ததும் பையர்கள் இங்கே விசாரித்தார்கள். ஆனால் 2025 ஆகஸ்ட் 27 அன்று நம் சரக்குக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதமானது; அப்போது வங்கதேசத்துக்கு 20தான். அந்த நிலையில் அமெரிக்க பையர் எந்தப் பக்கம் திரும்பியிருப்பார்?

எனவே ஒரு சீசன் ஆர்டரை நம்பி, கடன் வாங்கி பவர்டேபிள் (மோட்டார் தையல் மெஷின் வரிசை) இறக்காதீர்கள். ஏற்கெனவே அப்ரூவ் ஆன துணித் துண்டை பையரிடம் கேட்டு வாங்குங்கள். எந்த விளக்கில் ஷேடு பார்ப்பார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சாயப்பட்டறையில் நாள் உறுதியான பிறகே டெலிவரி தேதி சொல்லுங்கள். விலை கொடுக்கும்போது சாயக் கூலியைத் தனியாகக் காட்டுங்கள்.