போவாவின் நிறம் மாறுகிறது: ஏமாற்றிவிட்டார்களா?

கேள்வி: கும்பகோணத்தில் இருக்கிறேன். போன வருடம் ஆன்லைன் விளம்பரம் பார்த்து, 'ரெட் டெயில் போவா' என்ற வெளிநாட்டுப் பாம்பின் குட்டி ஒன்றை முப்பதாயிரம் கொடுத்து வாங்கினேன். வந்தபோது வெளிர் பழுப்பு நிறம், வால் செங்கல் சிவப்பு. இப்போது பகலில் கறுத்தும் இரவில் வெளுத்தும் தெரிகிறது. சமீபத்தில் கண்கூட நீலம் பூத்து, பிறகு தெளிந்தது. இது மலைப்பாம்புக் குட்டி, ஏமாந்துவிட்டாய் என்கிறார் நண்பர். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: நிறம் மாறுவதை வைத்து ஏமாற்று என்று சொல்ல முடியாது. போவாக்களில் பல பகலில் அடர்ந்தும் இரவில் வெளிறியும் தெரியும். ஹோண்டுராஸ் நாட்டின் காயோஸ் கோச்சினோஸ் தீவுகளில் வாழும் போவாக்கள் இதற்கே பெயர் போனவை. வளர வளரக் குட்டிப் பருவத்துப் பளிச்சென்ற நிறம் மங்குவதும் உண்டு. கண் நீலம் பூத்தது சட்டை உரிப்பதற்கு முந்தைய அறிகுறி. கண் தெளிந்து சில நாட்களில் சட்டை கழலும்.

வயிற்றுப்புறச் செதில்களில் செந்திட்டு, கொப்புளம், நாற்றம் தெரிந்தால் அது வேறு விஷயம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கம் கூண்டுக்குள் போடும் தேங்காய் நார்த்தூள் காயவே காயாது. ஈரத்திலேயே கிடந்தால் செதில் அழுகும். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

சரி, இது போவாதானா? கழன்ற சட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. வாலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். செதில்கள் ஒற்றை வரிசையாக இருந்தால் போவா, பெரும்பாலும் இரண்டிரண்டாகப் பிரிந்திருந்தால் மலைப்பாம்பு. அப்புறம் தலை. போவாவின் உச்சந்தலை முழுக்கப் பொடிச் செதில்கள்தான். மூக்கிலிருந்து பிடரி வரை நடுவில் மெல்லிய கருங்கோடு ஓடும். நம்மூர் மலைப்பாம்புக்கு மூக்குப் பக்கம் பெரிய தகடுகள் இருக்கும், மேலுதட்டில் குழிகள் கண்ணுக்கே தெரியும், தலைமேல் அம்பு முனை போன்ற அடையாளம் இருக்கும். வால் குட்டையாக, மொட்டையாக முடிந்தால் அது மண்ணுளி. அதையும் போவா என்று சொல்லி விற்பவர்கள் உண்டு.

பணத்தைவிட இந்த அடையாளம்தான் உங்களுக்கு முக்கியம். மலைப்பாம்போ மண்ணுளியோ என்றால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். ஒரு நாளும் தாமதிக்காமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

போவாவாகவே இருந்தாலும் வேலை முடியவில்லை. அது, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினம். 2024-இல் வந்த விதிகளின்படி, அத்தகைய உயிரினம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். நீங்கள் ரசீதைப் பற்றியும் சொல்லவில்லை, பதிவைப் பற்றியும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கவலை. விற்றவரிடம் ரசீது, அவர் பெயரில் இருந்த பதிவின் நகல், பாம்பு எங்கே பிறந்தது அல்லது எப்படி இறக்குமதியானது என்பதற்கான சான்று, எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழித்துவிடாதீர்கள். அவர் மழுப்பினால், கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு நீங்களே மாவட்ட வன அலுவலரைப் பாருங்கள். பயந்துபோய் அரசலாற்றங்கரையில் விட்டுவிட மட்டும் நினைக்காதீர்கள். கரீபியன் கடலிலுள்ள அரூபா தீவில் மனிதர்களால் வந்து சேர்ந்த போவாக்கள் பெருகி, அங்குள்ள பறவைகளையும் பல்லிகளையும் தின்று தீர்க்கின்றன.

பணத்தைப் பொறுத்தவரை, போவா என்று சொல்லி வேறு பாம்பைத் தந்திருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். ஆனால் வனத்துறை விவகாரத்தை முடிக்காமல் அங்கே போகாதீர்கள். போவதற்கு முன் ஒரு வக்கீலிடமும் பேசுங்கள், ஏனென்றால் ஆணையத்தில் முதலில் கேட்கப்போவது உங்கள் கையிலுள்ள ஆவணங்களைத்தான்.